தகைவிலான் குளிர்காலத்தில் எங்கே போகிறது? ஒரே கேள்வியோடு வாழ்ந்த கில்பர்ட் வைட்

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், நம் பக்கத்தில் பறவை பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் வடக்கே இருந்து வரும் உள்ளான்கள் இறங்கத் தொடங்கும். பகாங்கின் பெந்தோங் நகரில் மின்கம்பிகள் மேல் தகைவிலான் குருவிகள் வரிசை வரிசையாக உட்காரும். இவை எங்கிருந்து வருகின்றன, எப்போது திரும்பும் என்று யாராவது கேட்டால், கைத்தொலைபேசியைத் தட்டி ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவீர்கள்.

250 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கேயும் தகைவிலான் உண்டு. ஸ்வாலோ என்று ஆங்கிலப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதுதான். பிளவுபட்ட நீள வால், பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் வேகம். ஏப்ரலில் வரும், அக்டோபரில் காணாமல் போகும். எங்கே போகிறது? அந்த நாட்டிலேயே மிகக் கூர்மையாகப் பறவை பார்த்த மனிதருக்கும் அது உறுதியாகத் தெரியவில்லை. அவர் பெயர் கில்பர்ட் வைட்.

பறவை பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, இவர் காட்டிய வழியில்தான் நடக்கிறார்கள். அதனால் இவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம், வாங்க.

ஊரை விட்டுப் போக மனமில்லாதவர்

வைட் பிறந்தது 1720ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி. ஊர் செல்போர்ன். லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், ஹாம்ப்ஷியர் வட்டாரத்தில் உள்ள சின்னக் கிராமம். அவருடைய தாத்தா அங்கே பாதிரியார். பேரன் ஆக்ஸ்ஃபர்டின் ஓரியல் கல்லூரியில் படித்து 1743இல் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டே அந்தக் கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் கிடைத்தது. அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். வசதியான தேவாலயம் ஒன்றில் நல்ல சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கலாம்.

அவர் மனம் செல்போர்னை விட்டு நகரவே இல்லை. அங்கேயே பாதிரியாராக இருந்துவிடலாம் என்றால் அதற்கும் ஒரு சிக்கல். செல்போர்னின் தலைமைப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்ஃபர்டின் இன்னொரு கல்லூரியான மாக்டலினிடம் இருந்தது. இவரோ ஓரியல்காரர். ஆக, சொந்த ஊரில் கடைசிவரை துணைப் பாதிரியார்தான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தி வேக்ஸ் என்ற குடும்ப வீட்டில் வாழ்ந்தார். குதிரை வண்டியில் ஏறினாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். குதிரை மேல் போவதில் சிரமமில்லை, வண்டிதான் ஆகாது. தூரப் பயணம் வராத மனிதர், பறவைகளின் தூரப் பயணத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க யோசித்தார் என்பதை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் பீச் மரங்கள் அடர்ந்த செங்குத்தான சரிவு. ஊரார் அதை ஹேங்கர் என்பார்கள். 1753இல் அவரும் தம்பி ஜானும் அந்தச் சரிவில் ஏற வளைந்து வளைந்து போகும் ஒரு பாதையை வெட்டவைத்தார்கள். இன்றும் அதில் ஏறலாம். அந்த மரங்களுக்கு மேலேதான் அவருடைய பறவைகள் வரும், போகும்.

1751இல் தோட்டக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். வெள்ளரி எப்போது விதைத்தேன், முலாம்பழம் எப்போது பழுத்தது, இப்படிப்பட்ட விவரங்கள். 1768 முதல், கட்டம் கட்டி அச்சடித்த நாட்குறிப்புப் புத்தகத்துக்கு மாறினார். காற்று, மழை, தட்பவெப்பம், முதலில் பூத்த பூ, முதலில் வந்த பறவை, கடைசியாகப் பார்த்த பறவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இறப்பதற்குச் சில நாள் முன்புவரை அதை நிரப்பிக்கொண்டே இருந்தார். மொத்தம் 25 ஆண்டுகள்.

பனியில் யார் என்ன சாப்பிடுகிறார்கள்?

வெயிலும் மழையும் மட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு இங்கிலாந்துக் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். மரத்தில் இலை கிடையாது. பூச்சி கண்ணில் படாது. தரை இறுகிப்போனால் புழுவும் கிடைக்காது.

அப்படியென்றால் பூச்சி தின்னும் சின்னப் பறவைகள் எப்படிப் பிழைக்கின்றன? மற்றவர்கள் பறவையைச் சுட்டு, பாடம்செய்து, அலமாரியில் வைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வைட் கேட்டது இந்தக் கேள்வியை. அவரும் துப்பாக்கி பிடித்தவர்தான். ஆனால் உயிரோடு இருக்கும் பறவை ஒரு நாளை எப்படி ஓட்டுகிறது என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது.

பதிலையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். வாலாட்டிக் குருவிகள் ஊற்றுக்கண் பக்கத்தில் நிற்கும். அங்கே தண்ணீர் உறைவதில்லை. காலை நனைத்துக்கொண்டு நீர்ப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களைப் பொறுக்கும். ராபினும் ரென்னும் மாட்டுத்தொழுவத்துக்கும் களஞ்சியத்துக்கும் குடிவந்துவிடும். அங்கே சிலந்தியும் ஈயும் குளிருக்கு ஒளிந்திருக்கும் இல்லையா? பெரிய டிட் குருவி இன்னும் கெட்டிக்காரப் பறவை. பனி மூடிய நாளில் கூரை வீட்டின் இறவாரத்துக்கு வந்து, வைக்கோலை ஒவ்வொன்றாக நீளவாக்கில் இழுத்துப் போட்டு, அடியில் பதுங்கியிருக்கும் ஈக்களைப் பிடிக்கும். நீலத் தலை டிட்டுக்குக் கொழுப்பு என்றால் உயிர். கொழுப்பு வைத்த எலிப்பொறியில் ஒரே காலையில் 20 நீல டிட்கள் சிக்கியதைச் சிறுவயதில் கண்டிருந்தார் வைட். இன்று பிரிட்டனில் பலர் தோட்டத்தில் கொழுப்பு உருண்டை கட்டித் தொங்கவிடுவது, நல்லவேளை, பொறியில்லாமல்.

குளிர்காலத்தில் போகும் பறவைகள் மட்டும் அல்ல, வரும் பறவைகளும் உண்டு. அதையும் அவர் விடவில்லை. வடக்கு நாடுகளிலிருந்து ஃபீல்டுஃபேர், ரெட்விங் என்ற இரண்டு வகைப் பூங்குருவிகள் கூட்டமாக வந்து வேலியோரப் பழங்களைத் தின்னும். பகலெல்லாம் மரத்தில் உட்காரும் ஃபீல்டுஃபேர் இரவில் தரையில் படுத்துத் தூங்குவது ஏன் என்று அவர் குழம்பினார்.

இன்னொன்று சாஃபின்ச். பனிக்காலத்தில் செல்போர்ன் வயல்களில் பெருங்கூட்டமாகக் கூடும் அந்தக் குருவிகளை உற்றுப் பார்த்தபோது, கிட்டத்தட்ட எல்லாமே பெண் குருவிகள். இவ்வளவு பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஆண்கள் எங்கே? இதில் அழகான விஷயம் என்னவென்றால், சுவீடனில் இருந்த லின்னேயஸ் இதே கதையின் மறுபக்கத்தைப் பார்த்திருந்தார். அங்கே குளிர்காலத்தில் பெண் குருவிகள் கிளம்பிப்போக, ஆண்கள் மட்டும் தங்கிவிடும். அதனால்தான் அந்தப் பறவையின் அறிவியல் பெயரிலேயே பிரம்மச்சாரி என்ற பொருள் வரும்படி வைத்தார். ஒருவர் புறப்பாட்டைப் பார்த்தார், மற்றவர் வருகையைப் பார்த்தார்.

எல்லாக் குளிர்காலமும் ஒன்றுபோல இருக்கவில்லை. 1776 ஜனவரியில் பெரும்பனி. வைட்டின் தெர்மாமீட்டர் பூஜ்ஜியம் டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. நம் கணக்கில் சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். பாடும் பறவைகளில் பிளாக்பேர்டும் பூங்குருவியும் பெரும்பாலும் மடிந்துபோயின. கௌதாரிகளைப் பாதி குளிர் கொன்றது, மீதியைத் திருட்டு வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். அடுத்த ஆண்டு இனப்பெருக்கத்துக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். அதையும் எழுதிவைத்தார்.

1784 டிசம்பரில் குளிர் இன்னும் மோசம். பாதரசம் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியது. வீட்டுப் பூனையைத் தடவினால் மின்சாரம் அடிக்கிற அளவுக்குக் காற்று உலர்ந்திருந்ததாம். ஆனால் மேட்டில் இருக்கும் பக்கத்துக் கிராமத்தில் தெர்மாமீட்டர் அவ்வளவு இறங்கவில்லை. உயரத்தில் குளிர் அதிகமாக இருக்க வேண்டாமா? வைட் உடனே நம்பிவிடவில்லை. கருவி மேல்தான் முதலில் சந்தேகப்பட்டார். தன்னுடைய தெர்மாமீட்டர் ஒன்றை மேலே அனுப்பி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுச் சரிபார்த்தார். கருவியில் பிழையில்லை. பள்ளத்தாக்கில்தான் குளிர் தேங்கியிருந்தது. மனிதர் எப்படிப்பட்டவர் என்று இதிலிருந்தே புரிந்திருக்கும்.

குளத்தடியில் தூங்கும் குருவியா?

இப்போது தகைவிலானுக்கு வருவோம்.

தகைவிலான் குளிர்காலத்தில் குளத்தடிச் சேற்றுக்குள் போய்த் தூங்குகிறது என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக ஒரு நம்பிக்கை. படிக்காதவர்கள் மட்டும் நம்பியதல்ல, லின்னேயஸே நம்பினார். கேட்கும்போது சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். வெறும் 20 கிராம் எடையுள்ள குருவி கடலையும் பாலைவனத்தையும் தாண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, அடுத்த ஏப்ரலில் அதே ஊருக்குத் திரும்புகிறது என்றால் அந்தக் காலத்து ஆளுக்கு எது நம்பக்கூடியதாகத் தோன்றியிருக்கும்?

வைட்டுக்கு இரண்டு பேனா நண்பர்கள். ஒருவர் தாமஸ் பென்னன்ட், விலங்கியல் நூல்கள் எழுதியவர். பறவைகள் வலசை போகின்றன என்பது அவர் கட்சி. இன்னொருவர் டெயின்ஸ் பாரிங்டன், நீதிபதி. அவர் வலசையை ஏற்கவே இல்லை. கடலில் தென்படும் பறவைகள் காற்று அடித்துச் சென்றவை என்று வாதாடினார். நடுவில் வைட். இருவருக்கும் மாறி மாறிக் கடிதம் எழுதினார். இருவருமே அவருடைய குறிப்புகளைத் தங்கள் எழுத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

வலசைக்குச் சான்று வைட்டின் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. தம்பி ஜான் ஜிப்ரால்ட்டரில் பாதிரியார் வேலை பார்த்தவர். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தகைவிலான் இனப் பறவைகள் கடல்நீரிணையைத் தாண்டிப் போவதையும் வருவதையும் அங்கே கண்ணால் கண்டு அண்ணனுக்கு எழுதினார். ஆகவே பறவைகள் வலசை போகும் என்பதில் வைட்டுக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்லாமே போகின்றனவா? சில பின்தங்கி இங்கேயே எங்காவது ஒளிந்து தூங்குகின்றனவா? இதுதான் அவரை விடாமல் அரித்தது.

அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது. தகைவிலானின் நெருங்கிய சொந்தம் ஹவுஸ் மார்ட்டின், வீட்டு இறவாரத்தில் களிமண்ணால் கிண்ணம்போலக் கூடு கட்டும் பறவை. வைட்டுக்குச் செல்லம். காலையில் மட்டும் வேலை, ஒரு நாளைக்கு அரை அங்குலம், காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு என்று நம் ஊர் மண்சுவர் கட்டுபவர்களைப் போலவே அது கட்டுவதைப் பார்த்து எழுதினார். 1774இல் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது அந்தக் கட்டுரை.

ஓர் ஆண்டு இந்த மார்ட்டின்கள் அக்டோபர் முதல் வாரத்தில் போய்விட்டன. மரங்கள் மொட்டையாகின. பிறகு நவம்பர் 4ஆம் தேதி, இதமான ஒரு காலைப்பொழுதில், ஹேங்கர் பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட மார்ட்டின்கள் விளையாடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு காலை மட்டும்தான். பிறகு இல்லை. ஒரு மாதம் எங்கே இருந்தன? வெயில் பட்டதும் தூக்கம் கலைந்து எழுந்து வந்தவையா?

வௌவால் குளிர்காலத்தில் தூங்குகிறது. கதகதப்பான நாளில் எழுந்து பறக்கவும் செய்கிறது. அவருடைய அத்தையிடமிருந்து 1780இல் வந்துசேர்ந்த ஆமை திமோதி நவம்பர் நடுவில் மண்ணுக்குள் புதையும், ஏப்ரல் நடுவில் வெளியே வரும். ஏப்ரல் நடுவில்தான் தகைவிலானும் வரும். தோட்டத்தில் தினமும் கண்ணெதிரே நடப்பதை வைத்து யோசிக்கும் மனிதருக்கு இந்த ஒற்றுமை சும்மா விடுமா?

சந்தேகத்தைச் சரிபார்க்க வேண்டும். தெர்மாமீட்டருக்குச் செய்ததையே இதற்கும் செய்தார். வசந்தம் தொடங்கும் நேரத்தில் கூலி கொடுத்து ஆட்களை அமர்த்தி, ஹேங்கர் சரிவின் புதர்களையும் பொந்துகளையும் தோண்டித் துருவச் சொன்னார். ஒரு குருவிகூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் அப்படியே எழுதினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு வைட்டை மிகவும் பிடிக்கும். தன் ஊகம் பலிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது, கடிதங்களைப் படித்தால் அது நன்றாகவே தெரியும். பாரிங்டனை மகிழ்விக்கவும் செய்திருக்கும். பக்கத்து ஊரில் யாரோ பார்த்தார்களாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்தக் காலத்து நூல்களில் அப்படிப்பட்ட வரிகள் ஏராளம். இவர் சேர்க்கவில்லை. ஊகத்தைக் கைவிடவும் இல்லை. கடைசிவரை அது அவரோடு இருந்தது, நிரூபிக்கப்படாமல்.

அவருடைய காதுகளுக்கு இதே பொறுமை பெரிய வெற்றியைக் கொடுத்தது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் சின்னஞ்சிறு பச்சைக் குருவிகளை எல்லாரும் ஒரே இனம்போலப் பேசிக்கொண்டிருந்தபோது, பாட்டு மூன்று விதமாக இருக்கிறதே என்று கவனித்து, கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, அவை மூன்று வேறு இனங்கள் என்று காட்டினார். இன்று சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர், வுட் வார்ப்ளர் என்கிறோம். நடுவயதில் அவருக்குக் காது அடிக்கடி மந்தமாகிப்போனது. பாட்டை வைத்துப் பறவையை அறிபவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு புத்தகம்

கடிதங்களைப் புத்தகமாக்கச் சொல்லி நண்பர்கள் தூண்டியது 1770 வாக்கில். வெளிவந்தது 1789ஆம் ஆண்டு தேதியிட்டு. தயங்கித் தயங்கித் திருத்திக்கொண்டே இருந்தார். வெளியிட்டவர் லண்டனில் புத்தகக்கடை வைத்திருந்த இன்னொரு தம்பி பெஞ்சமின். செல்போர்னின் இயற்கை வரலாறும் தொல்பொருளும் என்ற அந்தப் புத்தகத்தில் பென்னன்டுக்கு 44 கடிதங்கள், பாரிங்டனுக்கு 66. உண்மையில் சில கடிதங்கள் அஞ்சலில் சேர்க்கப்படவே இல்லை. ஊரை அறிமுகப்படுத்தப் பிறகு எழுதிச் சேர்த்தவை. அன்றிலிருந்து இன்றுவரை அது அச்சில் இருக்கிறது. சிறுவன் டார்வின் அதைப் படித்துவிட்டுத்தான் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினார்.

1793 ஜூன் 26ஆம் தேதி வைட் இறந்தார். வயது 72. செல்போர்ன் தேவாலயத்து முற்றத்தில் சின்னக் கல், அதில் பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் மட்டும். ஆமை திமோதி அடுத்த ஆண்டு இறந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்தபோதுதான் திமோதி ஆண் அல்ல, பெண் என்று தெரிந்தது!

அவருடைய கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் 119 ஆண்டுகள் பிடித்தன. பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய வளையம் மாட்டிப் பறக்கவிடும் பழக்கம் பிரிட்டனில் 1909இல் தொடங்கியது. 1911 மே மாதம், ஸ்டாஃபர்ட்ஷியரில் வழக்கறிஞர் ஜான் மேஸ்ஃபீல்ட் தன் வீட்டு வாசலில் கூடு கட்டிய தகைவிலான் ஒன்றுக்கு வளையம் மாட்டினார். அதே பெயரில் புகழ்பெற்ற கவிஞர் ஒருவர் உண்டு, அவர் வேறு. 1912 டிசம்பரில் அந்தக் குருவி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், யூட்ரெக்ட் அருகே ஒரு பண்ணை வீட்டில் பிடிபட்டது. கிட்டத்தட்ட 10,000 கிலோமீட்டர். சேறும் இல்லை, பொந்தும் இல்லை. நவம்பரில் வைட் பார்த்த மார்ட்டின்கள்? வடக்கே தாமதமாகக் குஞ்சு பொரித்துவிட்டு, ஹேங்கர் வழியாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தவையாக இருக்க வேண்டும்.

வைட் எழுதிவைத்த முதல் வருகைத் தேதிகளைப் பருவநிலை மாற்றத்தை ஆராய்பவர்கள் இன்று எடுத்துப் பார்க்கிறார்கள். ஹவுஸ் மார்ட்டின் நிலைமை சரியில்லை. எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதால் 2021இல் பிரிட்டனின் ஆபத்துச் சிவப்புப் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். காப்பாற்ற வேண்டுமென்றால் அது குளிர்காலத்தை எங்கே கழிக்கிறது என்று தெரிய வேண்டும். ஆப்பிரிக்காவில் என்பது வரை தெரியும். ஆனால் பிரிட்டனில் லட்சக்கணக்கான மார்ட்டின்களுக்கு வளையம் மாட்டியும், சஹாராவுக்குத் தெற்கே அவற்றில் எதுவும் திரும்பக் கிடைப்பது அரிதிலும் அரிது. மழைக்காடுகளுக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் பறந்துகொண்டே அவை நாளைக் கழிக்கின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.